சிலந்திக் கண்ணும் நெற்றி லைட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில், இரவில் ஒளிவிடும் உயிர்களின் பட்டியலில் மின்மினிக்குக் கீழே சிலந்தியின் கண்ணையும் சேர்த்திருந்தீர்கள். மின்மினி சரி, தன் உடம்பிலேயே வெளிச்சம் உண்டாக்குகிறது. சிலந்திக்கு அந்த வித்தை தெரியாது. இருட்டில் அதன் கண்ணும் இருட்டுதான். மின்னுவது நம் டார்ச் வெளிச்சம்.

ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். கையில் டார்ச் பிடித்துப் போன காலத்தில் ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. பிறகு மகன் நெற்றியில் கட்டும் லைட் ஒன்று வாங்கித் தந்தான். அதைக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிய முதல் ராத்திரி, பச்சையும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாக எங்கும் மினுக்கம். பனித்துளி என்றுதான் நினைத்தேன். குனிந்து கிட்டே போனால் துளி ஓடுகிறது! ஓநாய்ச் சிலந்தி. வலை கட்டி உட்காராமல் ஓடிப் பிடித்துத் தின்கிற ஜாதி. நெல்லில் புகையான் என்ற பூச்சியைத் தின்பதும் இதுதான். மருந்து அடித்தால் முதலில் சாவதும் பல நேரம் இதுதான்.

லைட்டைக் கழற்றி இடுப்போரம் பிடித்தேன். ஒரு பொட்டு இல்லை. மறுபடி நெற்றிக்குக் கொண்டுபோனேன், அத்தனையும் வந்துவிட்டன.

காரணம் எளிது. சிலந்தியின் கண்ணுக்குள் ஒளியை உணரும் படலத்துக்குப் பின்னால், குவானின் என்ற பொருளின் படிகங்களால் ஆன கண்ணாடி போன்ற அடுக்கு ஒன்று இருக்கிறது. முதல் தடவை பிடிபடாத வெளிச்சத்தை அது திருப்பி விடும். மங்கலான இருட்டில் கண்ணுக்கு இன்னொரு வாய்ப்பு. அதிலும் தப்பியது, வந்த வழியே வெளியேறி விளக்கை நோக்கியே திரும்பும். நம் கண்ணும் விளக்கை ஒட்டி இருந்தால்தான் அது தெரியும். மாட்டுக் கண்ணும் பூனைக் கண்ணும் மின்னுவது இதே கணக்கில்தான்.

எட்டுக் கண்ணும் மின்னாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓநாய்ச் சிலந்திக்குக் கீழ்வரிசையில் நான்கு சின்னக் கண்கள், அதற்கு மேல் முன்னோக்கி இரண்டு பெரியவை, இன்னும் பின்னால் தலைமேல் இரண்டு. கீழ்வரிசையின் நடு இரண்டில் கண்ணாடி கிடையாது. தூரத்திலிருந்து நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பெரிய கண்களைத்தான்.

'நன்றாக மின்னும் கண்ணுக்குப் பார்வை அதிகம்' என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவும் ஒத்துவரவில்லை. வீட்டுச் சுவரில் ஈயைத் துரத்தும் குதிக்கும் சிலந்திக்குச் சிலந்திகளிலேயே கூர்மையான பார்வை; ஆனால் பகலில் வேட்டையாடுவதால் கண்ணாடி தேவைப்படவில்லை. ராத்திரியில் வலையைக் காலில் விரித்துப் பிடித்து இரைமேல் வீசும் டைனோபிஸ் என்ற சிலந்திக்கும் கண்ணாடி இல்லை. அது வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது: பிரம்மாண்டமான இரண்டு கண்கள், அவற்றுக்குள் பொழுது சாய்ந்ததும் ஒளி உணரும் சவ்வைப் பெருமளவில் புதிதாக உண்டாக்கி, விடிந்ததும் அழித்துவிடுகிறது. தினம் தினம் இதே வேலை!

திருத்தம் போடும்போது, பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கும்படி எழுதுங்கள். செல்போன் லைட்டைக் கண்ணோரம், காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தோட்டத்துத் தரையைப் பார்த்தால் போதும். காலில் செருப்பும் துணைக்குப் பெரியவர் ஒருவரும் வேண்டும், பாம்பும் அங்கேதான் திரியும்.

போன கார்த்திகையில் வாய்க்கால் மேட்டில், கையளவு இடத்தில் மட்டும் பொடிப் பொடியாக ஒரு கூட்டம் மின்னியது. என் சம்சாரம், "யாரோ ஜிகினாவைக் கொட்டி வச்சிருக்காங்க" என்றாள். கிட்டே போய்ப் பார்த்தோம். தாய்ச் சிலந்தி ஒன்று, முதுகு நிறையக் குஞ்சுகள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி வட்டம்.