அம்மாடி, ஆதாரைப் பூட்டிவிட்டாயா?

அன்புள்ள தேனுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விவரங்கள் கசிந்துவிட்டதாக மெயில் வந்தது, பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், அவ்வளவுதான்பா என்றாய். மாற்றியது நல்லது. ஆனால் உன் பிறந்த தேதி, பான் எண், ஆதார் நகல் எல்லாம் அவர்களிடம் கொடுத்திருக்கிறாயே. அவற்றை மாற்ற முடியாது அம்மாடி. எடுத்தவன் இரண்டு வருஷம் கழித்துக்கூட அவற்றை வைத்து ஏதாவது செய்யலாம்.

நான் பேங்கில் இருந்த கடைசி வருஷம், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மகனுடைய வீட்டுக் கடனுக்கு ஜாமீன் போட வந்தார். கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அவர் பெயரில் மூன்று சின்னக் கடன்கள். எல்லாம் செல்போன் ஆப்பில் வாங்கியவை, ஒரு தவணைகூடக் கட்டவில்லை. அவரிடம் இருந்ததோ பட்டன் போன். "யாருக்கும் அஞ்சு பைசா பாக்கி வச்சதில்லை சார்" என்று கவுன்டரிலேயே அழுதுவிட்டார். அதைச் சரிசெய்ய எட்டு மாதம் அலைந்தார். பான் நகல் எங்கிருந்து போனது என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த நிலை உனக்கு வரக்கூடாது.

முதல் வேலையாக ஆதாரின் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டு. ஆதாரின் அதிகாரபூர்வ ஆப்பிலேயே செய்யலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். கிராமங்களில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறார்களே, அதற்கு ஆதார் எண்ணும் எந்த பேங்க் என்பதும் ரேகையும் போதும், ஓடிபி வராது. என் ரேகை எப்படிப்பா வெளியே போகும் என்று கேட்பாய். 2018-ல் தெலங்கானாவில் ஒருவன் பிடிபட்டான். பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து அச்சு வார்த்து, அதைக் கொண்டு சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்திருக்கிறான். நம் வீட்டுப் பாகப் பத்திரத்தில் நீயும் ரேகை வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? அதனால்தான் எனக்கும் அம்மாவுக்கும் ஏற்கெனவே பூட்டிவிட்டேன். இனி ஹோட்டலிலோ வாடகை வீட்டிலோ நகல் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடு.

அப்புறம் கடன் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று, யார் எவ்வளவு கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிவு வைக்கும் நாலு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி. நாலையும் ஒரே நாளில் வாங்கிவிடாதே. மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருஷம் முழுக்க ஒரு கண் இருக்கும். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதே, உன் அறிக்கையை யார் யார் கேட்டுப் பார்த்தார்கள் என்ற பகுதியையும் படி. நீ விண்ணப்பிக்காத கம்பெனியின் பெயர் அங்கே இருந்தால் யாரோ உன் பெயரில் கடன் கேட்கிறார்கள் என்று அர்த்தம். உடனே அந்தக் கம்பெனிக்கும் அறிக்கை தந்தவர்களுக்கும் புகார் எழுது. 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அதையும் எழுதிக் கேள்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்துவிடு. தெரியாத எண் இருந்தால் என்னுடையது இல்லை என்று அங்கேயே சொல்லலாம். உன் போனில் காரணமில்லாமல் சிக்னல் போய் வெகுநேரம் வராவிட்டாலும் சும்மா இருக்காதே. உன் எண்ணுக்கு வேறு யாராவது சிம் வாங்கியிருக்கலாம், பேங்க் ஓடிபி அவனுக்குப் போய்விடும். பக்கத்தில் யாரிடமாவது போன் வாங்கி பேங்குக்குச் சொல்.

எனக்கு உள்ளபடியே பயம் இன்னொன்றில்தான். இனி உன்னை அழைப்பவன் பாலிசி எண், பிறந்த தேதி, போன வருஷம் அம்மா ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பது வரை சரியாகச் சொல்வான். இவ்வளவு தெரிந்தவன் கம்பெனி ஆள்தான் என்று மனசு நம்பிவிடும். எவ்வளவு சொன்னாலும் வைத்துவிடு. பாலிசி தாளில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீயே கூப்பிட்டுக் கேள்.

ஒருவேளை பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடு. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் சொன்னால்தான் நிறுத்த வழி உண்டு. என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மணி நேரத்தை வீணாக்காதே. நான் ஒரு வார்த்தை திட்டமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிடு. ஒவ்வொரு வரியாக வாசி, நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா