சவுல் திரும்பி வான்னு கூப்பிட்டப்ப தாவீது போகல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரம் முன்னாடி உங்க வாசகர் பக்கத்துல பேர் போடாம ஒரு சகோதரி எழுதியிருந்தாங்க. கணவர் அடிக்கிறார், சம்பளம் வந்த அன்னைக்கே வாங்கிக்கிறார், என் பேர்ல கடன் வாங்கி வச்சிருக்கார், பல வருஷமா ஜெபம் பண்றேன் ஒண்ணும் மாறல, ஆண்டவருக்கு என்மேல கோவமான்னு கேட்டிருந்தாங்க. போன வாரம் அதுக்கு ஒரு சகோதரர் பதில் எழுதியிருந்தார். பொறுமையா இருங்கம்மா, இது உங்க சிலுவை, நீங்க அடங்கி இருந்தா அவர் ஒரு நாள் மாறுவார், வீட்ட விட்டு மட்டும் போயிடாதீங்கன்னு. அவர் நல்ல மனசோடதான் எழுதியிருப்பார், அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா அத படிச்சதுல இருந்து எனக்கு தூக்கம் வரல, ஏன்னா இதே வார்த்தைய நம்பி நான் 11 வருஷம் அந்த மாதிரி ஒரு வீட்டுல இருந்தேன்.

என் கதைய விவரமா எழுத வரல. அடி இருந்துச்சு, ஏடிஎம் கார்டு என் கணவர்கிட்ட இருந்துச்சு, போன்ல யார்கிட்ட பேசினேன்னு தினமும் கணக்கு சொல்லணும். என்ன ஏதுன்னு படிக்க விடாம கையெழுத்து வாங்கின பேப்பர் எல்லாம் பின்னாடி என் பேர்ல கடனா வந்து நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா சபைக்கு போவோம், முன் வரிசையில உக்காருவோம், அவர் நல்லா பாடுவார். வெளிய யார்கிட்டயாவது சொன்னா நம்பவா போறாங்கன்னு நெனச்சே நான் வாய மூடிட்டு இருந்தேன்.

எனக்கு முதல்ல ஆறுதல் எங்க கிடைச்சுதுன்னா, சொன்னா ஆச்சரியமா இருக்கும், 88ஆம் சங்கீதத்துல. மத்த சங்கீதம் பெரும்பாலும் அழுகையில ஆரம்பிச்சாலும் கடைசியில எப்படியாவது ஒரு துதியிலயோ நம்பிக்கையிலயோ போய் நிக்கும், இது நிக்காது, ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் இருட்டுதான், சிநேகிதர் எல்லாம் தூரமா போயிட்டாங்கன்னு சொல்லி அப்படியே முடிஞ்சிடும். இப்படி ஒரு ஜெபத்த ஆண்டவர் தன்னோட புஸ்தகத்துல வச்சிருக்கார்னா, நான் ஸ்தோத்திரம் சொல்ல முடியாம வெறுமனே அழுதுகிட்டு இருக்குற ராத்திரியும் அவருக்கு ஜெபம்தான்னு எனக்கு அன்னைக்கு புரிஞ்சுது. அப்புறம் 56ஆம் சங்கீதம், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது"ன்னு தாவீது கேக்குறது, துருத்தின்னா தோல் பை. என் வீட்டுல என் காசுக்கு கணக்கு கேக்க ஆள் இருந்துச்சு, என் கண்ணீருக்கு கணக்கு வச்சிருந்தது ஆண்டவர் ஒருத்தர்தான். இந்த ஆறுதல் இல்லன்னா நான் இன்னைக்கு உயிரோட இல்ல. நடந்தத அப்படியே சொல்றேன்.

ஆனா அந்த ஆறுதல வச்சே என்ன அந்த வீட்டுக்குள்ள பூட்டி வச்சாங்க, அதுதான் என் வேதனை.

ஒரு தடவ கன்னம் வீங்கி போய் ஒரு ஊழியர்கிட்ட சொன்னப்ப அவர் ஆதியாகமம் 16 எடுத்து காட்டினார். ஆபிரகாம் வீட்டு அடிமைப்பொண்ணு ஆகார், எஜமானி கொடுமை தாங்காம ஓடி போனப்ப தூதன் திரும்பி போன்னுதானே சொன்னார், நீயும் போம்மான்னார். போனேன். பின்னாடி நானா உக்காந்து முழுசா படிச்சப்பதான் 21ஆம் அதிகாரம் கண்ணுல பட்டுது. ரெண்டாவது தடவ அதே ஆகார் பிள்ளையோட வனாந்தரத்துல நிக்கிறா, துருத்தியில தண்ணி தீர்ந்து போச்சு, பிள்ள சாகறத பாக்க முடியாதுன்னு தள்ளி போய் உக்காந்து அழுறா. அப்ப ஆண்டவர் திரும்பி போன்னு சொல்லல, கண்ண தொறந்து கிணத்த காட்டினார், அந்த பிள்ள அங்கயே வளர்ந்துச்சு. முதல் தடவ ஏன் போக சொன்னார்ங்கறது எனக்கு இன்னைக்கும் கஷ்டமான இடம்தான், ஆனா ஒரு அதிகாரத்த மட்டும் காட்டிட்டு இன்னொண்ண மறைச்சு ஒரு பொண்ண அடிக்கிறவன்கிட்ட அனுப்பி வைக்க யாருக்கும் உரிமை இல்ல.

அத விட எனக்கு தெளிவு குடுத்தது தாவீது. பதில் எழுதுன சகோதரர் 1 சாமுவேல் 24ல இருந்து 27 வரைக்கும் ஒரே மூச்சுல படிக்கணும்னு கெஞ்சி கேக்குறேன். ராஜா சவுல் 3000 பேர கூட்டிட்டு தாவீத கொல்ல தேடி வர்றான், குகையில தாவீது அவன கொல்லாம விடுறான், உடனே சவுல் சத்தம் போட்டு அழுறான், நீ என்ன விட நீதிமான்னு சொல்றான். அந்த அழுகைய பாத்தா யாரா இருந்தாலும் மாறிட்டான்னுதான் நெனப்பாங்க. ரெண்டு அதிகாரம் தள்ளி பாருங்க, மறுபடியும் அதே 3000 பேர், மறுபடியும் தேடி வர்றான். தாவீது மறுபடியும் அவன கொல்லல. இப்ப சவுல் நான் பாவம் செஞ்சேன், என் குமாரனே திரும்பி வா, இனிமே உனக்கு பொல்லாப்பு செய்ய மாட்டேன்னு சொல்றான். இந்த வசனம் வந்தப்ப எனக்கு கை நடுங்கிடுச்சு, ஏன்னா இதே வார்த்தைய நான் எத்தன தடவ கேட்டிருப்பேன், ஒவ்வொரு அடிக்கு அப்புறமும் அழுகை, மன்னிப்பு, ரெண்டு வாரம் நல்லா இருப்பார், அப்புறம் மறுபடியும். தாவீது என்ன பண்ணான்? சவுல்மேல கை வைக்கல, பழி வாங்கல, சவுல் பக்கத்துல இருந்து எடுத்த ஈட்டிய கூட ஒரு ஆள் வந்து வாங்கிட்டு போகட்டும்னு சொல்லிட்டு தன் வழியா போயிட்டான். கூப்பிட்டதுக்கு போகல. என்னைக்காவது ஒரு நாள் சவுல் கையால சாவேன்னு சொல்லி நாட்ட விட்டே போயிட்டான்.

மன்னிக்கிறது வேற, திரும்ப அதே வீட்டுக்கு போறது வேற. இத எனக்கு யாரும் பிரசங்கத்துல சொன்னதில்ல.

பண விஷயம் எழுதாம விட்டா கடிதம் அரைகுறையா போயிடும், ஏன்னா நெறைய பேர் வெளிய வராததுக்கு காரணமே அதுதான். கையில காசு இல்ல, பேர்ல கடன், பசங்கள எப்படி வளக்கறது. நான் கடன்ல முழுகி இருந்தப்ப ஒருத்தர் விசுவாசத்தோட காணிக்கை விதைங்க, நூறு மடங்கா திரும்பும்னு சொன்னார், அந்த ஏழை விதவை கையில இருந்த ரெண்டு காசையும் காணிக்கையா போட்டாளேன்னார். அதே மாற்கு 12ல அந்த விதவை சம்பவம் ஆரம்பிக்கறதுக்கு சரியா முந்தின வசனத்துல இயேசு என்ன சொல்றார்னு பாத்தீங்களா, விதவைகளோட வீட்ட பட்சிச்சிட்டு நீண்ட ஜெபம் பண்றவங்களுக்கு அதிக ஆக்கினை வரும்னு. அத மனசுல வச்சுகிட்டு அந்த ரெண்டு காச பாருங்க.

எனக்கு உதவுனது 2 இராஜாக்கள் 4. புருஷன் செத்து போய் கடன்காரன் ரெண்டு பிள்ளைகளையும் அடிமையா கொண்டு போக வந்து நிக்கிறப்ப அந்த அம்மா எலிசா தீர்க்கதரிசி கிட்ட அழுறாங்க. அவர் அழாதேம்மான்னு சொல்லல, நீ என்ன பாவம் பண்ணியோன்னு கேக்கல, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது"ன்னு கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்துல வெறும் பாத்திரங்கள கேட்டு வாங்க சொன்னார், கதவ பூட்டிக்க சொன்னார், எண்ணெய் பெருகுனதும் அதோட நிறுத்தல, போய் வித்து கடன தீரு, மீதிய வச்சு நீயும் பிள்ளைகளும் பொழைங்கன்னு சொல்லி அனுப்பினார். அற்புதம் நடந்தப்புறமும் அந்த அம்மா நடந்து போய் விக்க வேண்டியிருந்துச்சு.

நான் அத அப்படியே பண்ணேன். யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எது நான் தெரிஞ்சு போட்ட கையெழுத்து, எது தெரியாம போட்டதுன்னு ஒரு நோட்டுல எழுதினேன், ரெண்டு ராத்திரி ஆச்சு, எழுதி முடிச்சப்ப பயம் பாதியா குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. வேற ஒரு பேங்க்ல என் பேர்ல மட்டும் கணக்கு ஆரம்பிச்சேன், மெசேஜ் எதுவும் வீட்டுல இருக்குற போனுக்கு வராத மாதிரி பாத்துக்கிட்டேன். சர்டிபிகேட், ஐடி கார்டு, பசங்க பேப்பர், காயத்துக்கு டாக்டர் எழுதுன சீட்டு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா சபையில ஒரு வயசான அம்மா வீட்டுல கொண்டு போய் வச்சேன், அவங்க எதுவும் கேக்கல, ஒரு பெட்டிய காலி பண்ணி குடுத்தாங்க. கிளம்ப போறேன்னு அவர்கிட்ட முன்னாடியே சொல்லல. இத அந்த சகோதரிக்கு அழுத்தி சொல்லணும், விட்டு போறேன்னு தெரியற அந்த நேரந்தான் ரொம்ப ஆபத்தான நேரம், கோவத்துல போயிடுவேன்னு சொல்லி மிரட்டாதீங்க, அமைதியா ஏற்பாடு பண்ணுங்க, போற இடம் ரெண்டு பேருக்கு மேல தெரிய வேண்டாம். கடன் குடுத்தவங்ககிட்ட தவணை தவறி போறதுக்கு முன்னாடியே போய் பேசி நாள் கேட்டேன், சிலர் திட்டினாங்க, சிலர் குடுத்தாங்க. வட்டி கட்ட இன்னொரு கடன் மட்டும் வாங்கல. முழுசா முடிய ஆறு வருஷம் ஆச்சு.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். என்னை பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்கு பெலனுண்டுன்னு பிலிப்பியர் 4:13ஐ எல்லாரும் எனக்கு எழுதி குடுத்தாங்க. அடுத்த வசனத்த யாரும் எழுதல. என் உபத்திரவத்துல நீங்க என்னோட சேர்ந்துகிட்டது நல்லதுன்னு பவுல் சொல்றார். அந்த நிருபமே சிறையில இருந்த அவருக்கு பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துங்கற ஒருத்தர் கையில அனுப்புன உதவிக்கு நன்றி சொல்லி எழுதுனதுதான். கிறிஸ்துவோட பெலன் பவுலுக்கு ஒரு ஆள் ரூபத்துல, கையில எதையோ தூக்கிகிட்டு நடந்து வந்துச்சு. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, பெட்டிய காலி பண்ணி குடுத்த அந்த அம்மா, ஒரு டெர்ம் பசங்க பீஸ் கட்டுன ரெண்டு குடும்பம், எனக்கு கூட வந்து ஸ்டேஷன்ல நாள் முழுக்க உக்காந்திருந்த ஒரு பாஸ்டர். போலீஸ்கிட்ட போறது விசுவாசத்துக்கு விரோதம் இல்லையா பாஸ்டர்னு நான் கேட்டப்ப, பவுலே ரோம ராஜாவான இராயனுக்கு அபயம்னு சொல்லி தன் உரிமைய கேக்கலயாம்மான்னார். அவ்வளவுதான் அவர் பண்ண பிரசங்கம்.

அந்த சகோதரிக்கு நான் சொல்றது, ஆண்டவருக்கு உங்கமேல கோவம் இல்லம்மா. உங்க ஜெபம் வீணா போகல, அது உங்க கணவர் மாறுறதுக்கு வந்த பதிலா இல்லாம நீங்க பிழைக்கிறதுக்கு வர்ற பதிலா இருக்கலாம். ஜெபத்த விடாதீங்க, கூடவே நாளைக்கே நம்பிக்கையான ஒரே ஒரு ஆள்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்குறேன். இந்த மாதிரி கடிதம் வந்தா அதுக்கு கீழயே பெண்கள் உதவி எண்ண ஒரு கட்டம் கட்டி போடுங்க, கத்தரிச்சு வச்சுக்கற அளவுக்கு சின்னதா இருந்தா போதும். என் பேர போட வேண்டாம், பசங்க இன்னும் படிச்சுகிட்டு இருக்காங்க. என் அட்ரஸ் கவர் பின்னாடி எழுதியிருக்கேன், அந்த சகோதரி மறுபடியும் உங்களுக்கு எழுதினா, அவங்களுக்கு சம்மதம்னா மட்டும், என்கிட்ட சேர்த்துடுங்க.

இப்படிக்கு
உங்க பழைய வாசகி ஒருத்தி