செயற்கைக்கோள் படத்தோடு நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உங்கள் நாளிதழில் இன்சாட் படம் தவறாமல் வந்துவிடுகிறது. நல்ல வழக்கம். ஆனால் எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த வகைப் படம் என்ற குறிப்பு கீழே இருப்பதில்லை. முந்தின நாள் மாலைப் படத்தைக் காலையில் பார்க்கிறவருக்கு, வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் இப்போது மழை கொட்டுகிறது என்றுதான் தோன்றும்.

பெரும்பாலும் அச்சாவது அகச்சிவப்புப் படம். அது மழையைக் காட்டுவதில்லை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. குளிரக் குளிர வெள்ளை கூடும். ஒரு சொட்டுகூடத் தராத உயரமான கீற்று மேகமும் அதில் பளிச்சென்று இருக்கும். நம் கடலோரத்தில் விடாமல் பெய்யும் தாழ்வான மேகமோ மங்கிய சாம்பல் நிறத்தில்தான் தெரியும். எங்கே எவ்வளவு பெய்கிறது என்பதற்கு ரேடார் படம்தான் சரி.

அதற்காகச் செயற்கைக்கோளின் அருமை குறைந்துவிடாது. ரேடாருக்கு எட்டாத நடுக்கடலில் நமக்கு அதுதான் கண். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால் வங்கக் கடல் அதன் பார்வையை விட்டு விலகுவதே இல்லை. 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ், மேகங்களைப் படம் பிடிப்பதோடு காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் உயரவாரியாக அளக்கிறது. தானியங்கி வானிலை நிலையங்கள் அனுப்பும் அளவீடுகளை வாங்கித் தரைக்குக் கடத்தவும் செய்கிறது. அடுத்தடுத்த படங்களில் மேகம் நகரும் தூரத்தைக் கொண்டு மேலடுக்குக் காற்றின் வேகத்தையே கணக்கிட்டுவிடுகிறார்கள். இரவிலும் புயலைத் தொடர முடிவது, நான் மேலே சொன்ன அகச்சிவப்புப் படத்தால்தான்.

இவ்வளவு உழைப்பில் கிடைக்கும் படம் வாசகரைக் குழப்பக் கூடாது. வானிலைத் துறை வெளியிடும் படத்தின் ஓரத்திலேயே தேதியும் நேரமும் இருக்கின்றன. பக்கத்துக்கு ஏற்றபடி வெட்டும்போது தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். அகச்சிவப்பா, சாதாரண ஒளியில் எடுத்ததா என்று ஒரு வரி சேருங்கள். புயல் நாட்களிலாவது சென்னை அல்லது காரைக்கால் ரேடார் படத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர்