செயலாளரின் ஆண்டறிக்கை: ஒரு வேலிச் சந்து, ஒரு நாய், இரண்டு கோப்புகள்

மதிப்பிற்குரிய தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு அறிக்கையில் தெருவிளக்கும் கழிவுநீர்க் குழாயும் பாதிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டன. இந்த ஆண்டு இரண்டும் ஒழுங்காக வேலை செய்ததால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஒரு மாதம் மட்டும் போதிய உறுப்பினர்கள் வராததால் கூட்டத்தை ஒத்திவைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதி அறிக்கை முழுக்க அக்கம்பக்கத்துத் தகராறு பற்றியதுதான். என் பொழுதும் அதிலேதான் போயிற்று.

யாராவது அற்பக் காரணத்துக்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டால் ‘உங்களுக்குள் என்ன வாய்க்கால் வரப்புத் தகராறா?’ என்று கேட்பது வழக்கம். நம் தெருக்களில் வாய்க்காலும் இல்லை, வரப்பும் இல்லை. தகராறு மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது.

வரும் புகார்களை இரண்டு கோப்புகளாகப் பிரித்து வைத்திருந்தேன். நீலக் கோப்பு எல்லைக்கு: மதில் நகர்ந்துவிட்டது, கிளை இந்தப் பக்கம் வருகிறது, கூரைத் தண்ணீர் எங்கள் சுவரில் விழுகிறது என்ற வகை. பச்சைக் கோப்பு நாய்க்கு: குரைக்கிறது, துரத்துகிறது, செடியைத் தோண்டுகிறது, வாசலில் அசிங்கம் செய்கிறது. ஆண்டின் நடுவில் ஒருநாள் இரண்டையும் மேசையில் விரித்து வைத்துப் புரட்டினேன். இரண்டிலும் பெரும்பாலும் அதே வீட்டு எண்கள்! ஆறு மாதம் இதைக் கவனிக்காமல் இருந்தது என் தவறு.

14ஆம் எண்ணும் 15ஆம் எண்ணும்

இரு வீட்டாரின் சம்மதத்தோடு இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பழைய கம்பி வேலி. பின்பக்க மூலையில் ஒரு கம்பம் அடியில் உளுத்துச் சாய்ந்து, கம்பி தொங்கி, ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. 14ஆம் எண்ணில் இருக்கும் தம்பியின் நாய் மணி அந்த வழியாக 15ஆம் எண் தோட்டத்துக்குள் போய், அங்கிருந்து திறந்த கேட் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். அப்புறம் அன்றைய நாள் முழுக்கத் தெரு மணியுடையது. 15ஆம் எண்ணில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் தந்த ஒன்பது புகாரும் நாயைப் பற்றியவை. தம்பி பதிலுக்குத் தந்த நாலும் எல்லையைப் பற்றியவை.

சந்தை அடைத்தால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவரிடம் போய்ச் சொன்னேன். “தம்பி, அந்த வேலியை ஒழுங்காகக் கட்டிவிடேன்.”

“கட்டலாம் சார். நான் கட்டினா, இதுதான் எல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே!”

சரி என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நான் கட்டினா மட்டும் என்ன ஆகும்?” என்று கேட்டார்.

அவரவர் பத்திரப்படி எல்லை தன் வேலிக்கு அப்பால் இருக்கிறது என்று இருவருமே நம்பினார்கள். இருக்கும் இடத்திலேயே வேலியைக் கட்டினால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகும், தள்ளிக் கட்டினால் ஆக்கிரமிப்பாகும். ஆகவே யாரும் கை வைக்கவில்லை. அந்தப் பயத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்தவர் நிலத்தை வெளிப்படையாக, எதிர்ப்பில்லாமல், நெடுங்காலம் அனுபவித்து வந்தால் அதன்மேல் உரிமை கோர பல நாட்டுச் சட்டங்களில் இடம் உண்டு. எதிரிடை அனுபோகம் என்பார்கள். எத்தனை ஆண்டு, என்னென்ன நிபந்தனை என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்த அம்மா அதை எங்கோ படித்திருக்கிறார். அதனால்தான் ஒன்பது கடிதமும் எழுதிப் பதிவு செய்து வைத்தார். நாய் அவருக்கு ஒரு சாக்கு என்று சொல்லமாட்டேன், கத்தரிச் செடிகளை மணி நிஜமாகவே தோண்டியிருந்தது. ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுத்தது வேலிதான்.

நான் செய்த தவறு

சமாதானம் செய்து வைக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். தம்பி போதாததற்குக் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து, நீலப் புள்ளி எங்கே நிற்கிறது என்று காட்டினார். அளந்து முடித்தபோது இருவருக்கும் இருந்த கோபம் இருமடங்காகியிருந்தது. பத்திரத்தில் 30 மீட்டர், டேப்பில் அதற்குக் கூடுதல். கூடுதல் யாருடையது?

பிறகு வந்த சர்வேயர் இதைக் கேட்டுச் சிரித்தார். அந்த மனை பின்பக்கம் நோக்கிச் சரிவானது. பத்திரத்திலும் வரைபடத்திலும் இருக்கும் நீளம் கிடைமட்ட நீளம். நாங்கள் டேப்பைத் தரையோடு தரையாக இழுத்திருந்தோம். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் தரையில் 30 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் அது 29.85 மீட்டர்தான். பதினைந்து சென்டிமீட்டர் அப்படியே காற்றில் போகிறது. சண்டைக்கு அது தாராளமாகப் போதும். கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறக்கூடியது. அதை வைத்துத் தெருவைக் கண்டுபிடிக்கலாம், எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்றும் சொன்னார். நாலு பக்கத்தையும் அளந்துவிட்டால் மனை தெரிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. நாலு குச்சிகளை மூலையில் ஆணி அடித்துச் சட்டம் செய்தால் அதை இப்படியும் அப்படியும் சாய்க்கலாம். பக்க நீளம் மாறாது, பரப்பு மாறிவிடும். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு அளவு எடுத்தால்தான் வடிவம் நிலைக்கும். பள்ளிக்கூடத்தில் மூலைவிட்டம் என்று படித்ததுதான். ஆசிரியை அம்மா தலையை ஆட்டினார், நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சர்வேயர் வேலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்வெட்டி கேட்டார். பின்மூலையில் செடிகளுக்கு அடியில் ஒரு முழ ஆழத்தில், மேலே கூட்டல் குறி வெட்டிய பழைய எல்லைக்கல் கிடைத்தது. முன்மூலைக் கல் மதிலின் அடித்தளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் நட்ட கல் அசையாமல் அதே இடத்தில் இருந்தால், காகிதத்தில் உள்ள நீளத்தைவிட அதற்கே பொதுவாக மதிப்பு அதிகம். வேலி என்பது யாரோ ஒரு நாள் வசதிப்பட்ட இடத்தில் போட்ட வேலி, அவ்வளவுதான். பழைய செப்பேடுகளில் நிலதானத்தின் எல்லையைச் சுற்றிப் பிடி யானையை நடத்தி, ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்று எழுதிவைத்தார்கள். கள்ளி என்றைக்கோ போயிருக்கும். தேட வேண்டியது கல்லைத்தான்.

கல்லுக்குக் கல் நூல் கட்டினோம். வேலி அந்த நூலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று! முன்பக்கத்தில் நாலு விரற்கடை 15ஆம் எண்ணுக்குள், பின்பக்கத்தில் அதைவிடச் சற்று அதிகம் 14ஆம் எண்ணுக்குள். இருவரும் இருவர் நிலத்தையும் அனுபவித்து வந்திருக்கிறார்கள். நூலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மணி மட்டும் அதைத் தாண்டி இரண்டு முறை போய்வந்தது.

ஐந்து வரிக் காகிதம்

ஆனால் சர்வேயர் வந்தது பின்னால்தான். அவருக்காகக் காத்திருந்த ஏழு வாரமும் நாய் வெளியேதானே இருக்கும்? அதற்கு நம் சட்ட ஆலோசகர் எழுதித் தந்த காகிதம் இந்த ஆண்டின் உருப்படியான வேலை என்று நினைக்கிறேன். சாரம் இதுதான்: இப்போது கட்டுவது தற்காலிக வேலி, எல்லை எது என்பதற்கு இது சான்றாகாது, இதைக் கட்டியதாலோ கட்ட விட்டதாலோ எந்தத் தரப்பின் உரிமையும் கூடாது, குறையாது, அளவீடு முடிந்ததும் இருவரும் சேர்ந்து மாற்றிக் கட்டலாம். கீழே இரு கையெழுத்து, தேதி, பழைய வேலியின் இரண்டு புகைப்படம். ஒரே மாலையில் கையெழுத்தாயிற்று. மறுநாள் காலை சந்து அடைபட்டது.

மணி விட்டுவிடுமா? மூன்றாம் நாள் வேலிக்கு அடியில் தோண்டிவிட்டது. கம்பி வலையின் அடிப்பகுதியை நாய் இருக்கும் பக்கமாக மடக்கி மண்ணுக்குள் புதைத்த பிறகுதான் நின்றது. நாய் வேலியின் ஓரத்தில்தான் தோண்டும். அங்கே நகத்தில் வலை தட்டினால், இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை.

மாதிரிக் காகிதத்தின் பிரதி அலுவலகத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். தங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பச்சைக் கோப்பு

சந்து அடைபடுவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு கடி நடந்தது. மணிதான். இரண்டாம் தெரு உறுப்பினர் ஒருவரின் கெண்டைக்கால். லேசாகத்தான் பட்டிருந்தது, துணியால் கட்டிக்கொண்டு என்னிடம் புகார் எழுத வந்துவிட்டார். புகார் அப்புறம். கடிபட்ட இடத்தை உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரேபிஸ் அறிகுறி தென்பட பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகலாம், ஒரு வாரத்திலும் வரலாம். வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன்பே தடுப்பூசியை முறைப்படி போட்டுக்கொண்டால் தப்பிவிடலாம். 1885இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போட்ட காலத்திலிருந்து இதுதான் நிலைமை. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாக வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவருக்கு அன்றே ஊசி போட்டாயிற்று, நலமாக இருக்கிறார். மணியின் ஊசி அட்டையைத் தேடிக் கண்டெடுக்க மட்டும் தம்பிக்கு நாலு நாள் பிடித்தது. அந்த நாலு நாளில் அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் ஒருவர், “எல்லா நாயையும் பிடித்துக்கொண்டு போய் எங்காவது விட்டுவிடலாம்” என்றார். கைதட்டலும் கிடைத்தது. குப்பையும் சோறும் இங்கேயே கிடக்கும்வரை, காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வந்து சேரும், அவை ஊசி போட்டவையா என்றும் தெரியாது. பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டுக்கொண்டே வந்தால்தான் நோய்ச் சங்கிலி அறும். விஷம் வைப்பதைப் பற்றியும் ஒருவர் மெல்லிய குரலில் சொன்னார். அதைக் குறிப்பேட்டில் ஏற்ற மறுத்தேன். என் மறுப்பை மட்டும் ஏற்றியிருக்கிறேன்.

வளர்ப்பு நாய்க்குக் கருத்தடை செய்தால் அலைவது குறையும். ஆண் நாய்கள் பெரும்பாலும் துணை தேடித்தான் சுற்றுகின்றன. அறுவை முடிந்த மறுநாளே அடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், சில வாரம் ஆகும். மணிக்கு முடிந்துவிட்டது.

குரைப்பு பற்றி ஒரு சம்பவம். ஐந்தாம் தெருவில் ஒரு வீட்டார் “எப்போதும் குரைக்கிறது” என்று எழுதினார்கள். நாய் வீட்டார் “எங்கள் நாய் குரைப்பதே இல்லை” என்று பதில் எழுதினார்கள். இரண்டு வாரம் நேரம் குறித்துத் தரச் சொன்னேன். காலை ஒன்பதே காலுக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு நிற்கிறது. அதாவது வீட்டில் ஆள் இல்லாத நேரம் மட்டும். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியதும் நாய்க்காரர் எழுந்து நின்றுவிட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. தெருவைப் பார்த்துக் கட்டியிருந்ததைக் கொல்லைப்பக்கம் மாற்றினார், மதியம் ஒரு முறை வந்து நடத்திக்கொண்டு போக ஆள் வைத்தார். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆகவே இனிப் புகார் எழுதும்போது ‘எப்போதும்’, ‘வேண்டுமென்றே’ என்ற இரண்டு சொற்களையும் தவிர்த்து, நாளும் நேரமும் எழுதித் தாருங்கள்.

தீராதவை

மூன்று விவகாரம் அப்படியே இருக்கின்றன. மாமரக் கிளை பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்து வைத்த கேமராவைத் திருப்பச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறோம். மூன்றாவது நீதிமன்றத்தில் இருக்கிறது. அதில் சங்கம் எந்தப் பக்கமும் கடிதம் தராது. யாருக்கு எந்த நிலம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நமக்குக் கிடையாது. சிலர் என் மேல் வருத்தப்படுகிறார்கள், தெரியும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டே தீர்மானங்கள். ஒன்று, எல்லையோரம் மதிலோ வேலியோ கட்டுவோர் கடைக்கால் தோண்டும் முன் பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் தெரிவித்து, எல்லைக்கல்லை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறை சங்க வளாகத்தில் தடுப்பூசி முகாம். உலக ரேபிஸ் தினமான செப்டம்பர் 28ஐ ஒட்டி வைக்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து.

தலைவருக்கும், என் டேப்பைப் பறிமுதல் செய்து வைத்திருக்கும் பொருளாளருக்கும் நன்றி. 14, 15ஆம் எண் வீட்டார் புதிய வேலியை நூல் பிடித்த இடத்தில் சென்ற மாதம் சேர்ந்து கட்டினார்கள். நடுவே ஒரு சிறிய கதவு வைக்கச் சொல்லிக் கேட்டது ஆசிரியை அம்மா. தாழ்ப்பாள் அவர் பக்கம் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்