கலப்பையைக் கழுவி அனுப்புங்கள்: வட்டார வேளாண் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். கோவைப் பக்க விவசாயக் காடுகளில் முள்ளுக்கத்திரிக் களை, உங்கள் ஏட்டில் சொலானம் எலியாக்னிஃபோலியம், பரவிவருவது உங்களுக்குத் தெரியாததல்ல. பயிற்சிக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டியதே நீங்கள்தான். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வாடகைக்கு விடும் சுழல் கலப்பையைக் கழுவிய பிறகே அடுத்த காட்டுக்கு அனுப்புங்கள்.

எங்கள் சோளக்காட்டுக்கு வந்த கலப்பையின் கத்திகளில் எந்த ஊர் மண்ணோ அப்பியிருந்தது, அதற்குள் வேர்த்துண்டுகள். கழுவச் சொன்னேன். "மணிக்கணக்குல வாடகை ஓடுதுங்க, கழுவுற நேரத்துக்கு யாரு காசு தர்றது?" என்றார் ஓட்டுநர். நியாயமான கேள்விதான். பதில் உங்களிடம் இருக்கிறது.

மழை பெய்ததும் உழுத இடமெல்லாம் வெள்ளை பூசினாற்போல இலைகள் எழும்பின. தண்டில் மட்டுமா, இலை நரம்பிலும் ஊசி முள். களையெடுக்க வந்த பெண்கள் உள்ளங்கையில் ஒடிந்த முள்ளைப் பிடுங்கவே பொழுது சரியாகிவிட்டது. மறுநாள் கூலியைக் கூட்டிக் கேட்கவில்லை, வரவே இல்லை. கொத்தினால் மேல்பாகம் போகும். வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கும். சிறு துண்டு மிஞ்சினாலும் அது ஒரு செடி. ஒன்றை நூறாக நறுக்கிக் காடு முழுக்கப் பரப்பித்தரும் கருவிக்கு மானியம் வேறு! விதைப்புக்குக்கூட இவ்வளவு நேர்த்தியான கருவி எங்களுக்கு வாய்த்ததில்லை.

பார்வையிட வந்த ஒருவர், "கண்டங்கத்திரிதானே, மருந்துக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது தரையோடு படரும், ஐயா. இது நிமிர்ந்து நிற்கும், காய் நச்சு. செயலியில் படம் ஏற்றச் சொன்னீர்கள், ஏற்றினோம். நன்றி என்று பதில் வந்தது. செடிக்கும் அந்தத் தகவல் போயிருக்கும் என்று நம்புகிறோம்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். ஆஸ்திரேலியா இதை 2012இல் தேசிய முக்கியத்துவம் உள்ள களைகளில் சேர்த்தது. நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. கலப்பை நிற்கும் இடத்தில் தண்ணீர்க் குழாயும், கழுவும் நேரத்துக்கு வாடகை இல்லை என்ற ஓர் உத்தரவும் போதும். அப்புறம், சாலையோரச் செடிகளைப் பழம் மஞ்சளாவதற்குள் அகற்றச் சொல்லுங்கள். அதைத் தின்ற ஆடுகளின் புழுக்கையில் விதை கெடாமல் வருகிறது. அந்த ஆடுகளைத்தான் எருவுக்காகக் காட்டில் பட்டி போடுகிறோம்.

அடுத்த உழவுக்குக் கலப்பை கழுவி வரட்டும். தயவுசெய்து.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்