குளத்துக்கு மருந்து ஊற்றியவர்களுக்கு

குளக்கரைக் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நடந்தது உங்களுக்கே தெரியும், முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை படகுப் போட்டிக்குள் பாசி கண்ணில் படக்கூடாது என்று புதன்கிழமை குளம் முழுக்க மருந்து ஊற்றினீர்கள். வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் தூறல் விழுவது போல ஒரு சத்தம் கேட்டு எழுந்து போனேன். வானத்தில் மேகமே இல்லை. டார்ச் அடித்தால், எங்கள் படித்துறையிலிருந்து மதகு வரைக்கும் மீன்கள் வாயை மட்டும் மேலே நீட்டி, சப் சப்பென்று காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. கை வைத்தாலும் விலகவில்லை. வெளுக்கும்போது பெரியவை எல்லாம் மல்லாந்துவிட்டன. மூன்று வருஷமாகத் தூண்டிலில் சிக்கும்போதெல்லாம் என் மகன் அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்த, வாலில் பிளவு விழுந்த கெண்டையும் அதில் இருந்தது. அதை அவனேதான் வாளியில் எடுத்துப் போட்டான்.

கேட்டதற்கு, ‘மருந்தில் மீனுக்கு ஆபத்தில்லை, லேபிளிலேயே போட்டிருக்கிறது’ என்றீர்கள். சரி, நம்புகிறேன். மீன்கள் விஷத்தால் சாகவில்லை, மூச்சு முட்டித்தான் செத்தன. ஒரே நாளில் செத்த அத்தனை பாசியும் அழுகும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை பாக்டீரியா இழுத்துக்கொள்ளும். பாசி உயிரோடு இருந்தால் பகலிலாவது கொஞ்சம் திருப்பித் தரும், இப்போது அதுவும் இல்லை. ராத்திரி முழுக்க ஆக்சிஜன் குறைந்துகொண்டே போவதால் விடியும் முன்புதான் நிலைமை மிக மோசமாகும். கோடையில் இன்னும் கஷ்டம். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். பெரிய மீனுக்கு மூச்சும் அதிகம் வேண்டும், அதனால்தான் அவை முதலில் போயின. ஒரு தடவையில் பாதிக்கு மேல் அடிக்காதே, இரண்டு வாரம் பொறு என்பதும் அதே லேபிளில்தான் இருக்கிறது, இரண்டு வரி கீழே.

அதனால் கேட்பது ஒன்றுதான்: இனிமேல் குளம் முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு, இரண்டு வாரம் இடைவெளி, அப்புறம் அடுத்த பங்கு. கோடையின் உச்சத்தில் அதுவும் வேண்டாம்.

பாசி எங்கிருந்து வருகிறது என்று யாராவது யோசித்தோமா என்பது வேறு கதை. கனடாவில் 1973இல் 226ஆம் எண் ஏரியின் குறுக்கே திரை கட்டி, இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகிப் போனது. நாம் திரைகூடக் கட்டவில்லை. காட்சி மறைக்கிறது என்று கரையோரக் கோரையை வழித்துவிட்டு, தண்ணீர் விளிம்பு வரை புல்தரை போட்டு, அதற்குப் பாஸ்பரஸ் கலந்த உரமும் தூவி, மழை அதைக் குளத்தில் சேர்த்ததும் ‘ஐயோ பாசி’ என்று கூட்டம் போடுகிறோம். இதில் மோட்டார் படகு வேறு. இந்தக் கரையில் கிளப்பினால் மூச்சு விடுவதற்குள் அந்தக் கரையில் முட்டும் குளத்தில் எதற்கு மோட்டார்? அடிச்சேற்றைக் கலக்கி, அதிலிருக்கும் பாஸ்பரஸையும் மேலே கொண்டுவரத்தான். அடுத்த வருஷம் நீலச் சாயம் ஊற்றி டைல்ஸும் ஒட்டிவிடலாம், நீச்சல் குளத்தில் மீன் சாகாது.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நீங்களும் இந்தக் கரையில்தான் இருக்கிறீர்கள், குளம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மீதமுள்ள இரண்டு கேன் படகுக் கொட்டகையில் இருக்கிறது. மாதக் கடைசியில் ‘இன்னொரு ரவுண்டு’ என்று பலகையில் எழுதியிருப்பதையும் பார்த்தேன். தயவுசெய்து அந்த வரியை அழித்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு போதும். அன்று ராத்திரி குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நான் விழித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மதகுப் பக்கத்து வீட்டுக்காரன்