துப்பாக்கி பேரல் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இத படிச்சிரு மாப்ள

மாப்ள,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போடல, திட்டாத. பெரியவளுக்கு டிரைவிங் டெஸ்ட், ரெண்டாவது தடவைல பாஸ் பண்ணிட்டா, இப்ப வீட்ல காரே கெடைக்கிறதில்ல. போன அக்டோபர்ல எல்க் மான் கறிய முதுகுல சுமந்து மலை எறங்குனதுலருந்து வலது முட்டி வேற பாடா படுத்துது, டாக்டர் எக்சர்சைஸ் எழுதிக் குடுத்திருக்கார், நான்தான் செய்யிறதில்ல.

சரி, பேரலுக்கு வருவோம். 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் தோட்டாவுக்கு கஸ்டம் ரைஃபிள், ஃபார்ம்ல ட்விஸ்ட்னு ஒரு கட்டம், கடைக்காரர் 9.5 போடுங்கன்னார், போட்டுரவான்னு கேட்ருந்த. போடாத. 8 போடு.

பேரலுக்குள்ள திருகு மாதிரி வெட்டுற வரி எவ்ளோ வேகமா சுத்துதுங்கறதுதான் ட்விஸ்ட். 9.5னா புல்லட் பேரலுக்குள்ள 9.5 இன்ச் போனா ஒரு முழு சுத்து சுத்தும்னு அர்த்தம், 8னா எட்டு இன்ச்லயே ஒரு சுத்து, அதாவது நம்பர் கொறைய கொறைய வேகமா சுத்தும். கடைக்காரர் சும்மா சொல்லல, 1962ல அந்தத் தோட்டா வந்தப்பலருந்து வழக்கம் அதுதான். ஆனா அது ஈய புல்லட்ட மனசுல வச்சு போட்ட கணக்கு. நீ இருக்கிறது கலிஃபோர்னியா, 2019 ஜூலை 1லருந்து அங்க வேட்டைக்கு ஈயமே கூடாது, காண்டோர் கழுகு ஈயத்துணுக்கு கெடந்த கறிய தின்னு சாகுதுன்னுதான் இந்தச் சட்டமே. அப்ப நீ சுடப்போறது செம்பு. செம்பு ஈயத்த விட லேசு, அதனால அதே எடைக்கு புல்லட் நீளமா வரும், நீளம் கூடுனா இன்னும் வேகமா சுத்துனாதான் நேரா நிக்கும். எல்லாரும் புல்லட் எடைய எத்தன கிரெய்ன் எத்தன கிரெய்ன்னுதான் கேக்குறானுங்க, கேக்க வேண்டியது நீளம்டா. 1879ல கிரீன்ஹில் போட்ட பழைய ஃபார்முலாவுலயே புல்லட்டோட நீளமும் விட்டமும்தான் இருக்கு, கிரெய்ன் கணக்கே கெடையாது. காலேஜ் என்சிசில பாயிண்ட் 22ல படுத்துக்கிட்டு அஞ்சு ரவுண்டு போட்டோமே, அந்த ரகத்துக்கு வழக்கமா 16 இன்ச்சுக்கு ஒரு சுத்துதான், ஏன்னா புல்லட் அவ்ளோ குட்டி, அதுக்கு அது போதும்.

நான் பட்டதச் சொல்றேன். கொயோட்டிக்குன்னு, அதான் இங்கத்த நரி மாதிரி ஓநாய், செகண்ட் ஹேண்ட்ல ஒரு 22-250 ரைஃபிள் வாங்குனேன்ல, அதுல 62 கிரெய்ன் செம்பு புல்லட்ட போட்டு ரேஞ்சுக்கு போனேன், நூறு கஜத்துல மொத மூணு குண்டு பேப்பர்லயே இல்ல, ஸ்கோப் ஆடுதுன்னு நெனச்சு ஸ்க்ரூவெல்லாம் டைட் பண்ணிட்டு கிட்டத்துல 25 கஜத்துல இன்னொரு டார்கெட் வச்சு சுட்டேன், போய் பாத்தா ஓட்ட வட்டமா இல்ல மாப்ள, புல்லட்டோட பக்கவாட்டு உருவம் அப்படியே பேப்பர்ல நீட்டமா கிழிஞ்சிருக்கு, குண்டு குட்டிக்கரணம் அடிச்சுட்டு போயிருக்கு. வீட்டுக்கு வந்து க்ளீனிங் ராடுல டைட்டா ஒரு துணி பேட்ச மாட்டி உள்ள விட்டு, ராடு மேல டேப் ஒட்டி, கைப்பிடி தன்னால சுத்துற மாதிரி விட்டு மெதுவா தள்ளுனேன், டேப் ஒரு முழு சுத்து சுத்தி திரும்ப மேல வந்தப்ப ராடு 14 இன்ச் உள்ள போயிருந்துச்சு. 22-250க்கு அதுதான் வழக்கமான ட்விஸ்ட், துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்ல, அது 55 கிரெய்ன் ஈயத்துக்கு பொறந்தது. நான்தான் கேக்காம வாங்குனேன்.

இந்தத் தப்ப கம்பெனிக்காரனே பண்ணிருக்கான். 1955ல ரெமிங்டன் 244ன்னு ஒரு தோட்டா எறக்குனான், ட்விஸ்ட் 12, அதே வருஷம் வின்செஸ்டர் 243, ட்விஸ்ட் 10. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தோட்டாதான். மான் சுடறவன் கேட்டது 100 கிரெய்ன் புல்லட், 12ல அது நிக்குமான்னு சந்தேகம், 10ல பிரச்சினையே இல்ல. சனம் 243 பக்கம் போயிருச்சு. ரெமிங்டன் அப்புறம் ட்விஸ்ட்ட 9 ஆக்கி, 1963ல 6 எம்எம் ரெமிங்டன்னு பேர மாத்தி விட்டுப் பாத்தான், போன சனம் போனதுதான்.

உன் கேஸுக்கு நான் மில்லர் ஃபார்முலால, அதாவது குண்டு எவ்ளோ நேரா நிக்கும்னு சொல்ற கணக்குல, போட்டுப் பாத்தேன். 150 கிரெய்ன் செம்பு, நீளம் சுமாரா 1.4 இன்ச், வேகம் செகண்டுக்கு 2900 அடின்னு வச்சுக்கிட்டேன். 9.5 ட்விஸ்ட்ல ஸ்டெபிலிட்டி 1.4 வருது, 8ல 2.0 வருது. 1.5க்கு மேல இருந்தா நிம்மதி. 1.4லயும் குண்டு நேரா போகும், கரணமெல்லாம் அடிக்காது, ஆனா காத்துத் தடை கொஞ்சம் கூடும். அதுவும் இது 59 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு போட்ட கணக்கு. குளிர்ல காத்து அடர்த்தியா இருக்கும், ஜனவரில பாசோ ரோப்ளஸ் பக்கம் பன்னிக்கு போற, விடியக்காலைல 32 டிகிரின்னு வச்சா 1.35க்கு எறங்கிரும். ஆரம்பத்துல எம்16 ராணுவ ரைஃபிளுக்கு 14ன்னு இருந்த ட்விஸ்ட்ட 12 ஆக்குனதே கடுங்குளிர்ல குண்டு ஆடுதுன்னுதான். எல்க் டேக், அதான் வேட்டை பர்மிட், கெடச்சு இங்க வந்தேன்னா பத்தாயிரம் அடில காத்து லேசு, அங்க 9.5ஏ ஜோரா ஓடும், ஆனா நீ பாதி நாள் சுடப்போறது சாக்ரமெண்டோ ரேஞ்ச்ல, அது கடல் மட்டத்துக்கு பக்கத்துல கெடக்கு. மோசமான எடத்துக்குதான் கணக்கு போடணும்.

ரொம்ப சுத்துனா குண்டு வெடிச்சிரும்னு ஒருத்தர் பயமுறுத்துனார்னு எழுதிருந்த. மெல்லிசா ஜாக்கெட் போட்ட கொயோட்டி புல்லட்டுக்கு அது உண்மைதான், கேலி பண்ணல. 8 ட்விஸ்ட்ல 2900 அடி வேகம்னா நிமிஷத்துக்கு ரெண்டு லட்சத்து அறுபதாயிரம் சுத்து வருது, ஆனா உன்னுது முழு செம்புக் கட்டி, அதுல பிரியறதுக்கு ஒண்ணும் இல்ல. 2022ல வந்த 7 பிஆர்சிங்கிற புது 7 எம்எம் தோட்டாவுக்கே ட்விஸ்ட் 8தான்.

சேம்பர, அதான் தோட்டா உக்கார்ற குழிய, பின்னாடி மாத்தி வெட்டிக்கலாம், பேரல் நீளத்த கொறச்சுக்கலாம், ஸ்டாக் புடிக்கலன்னா வேற போடலாம், ட்விஸ்ட் மட்டும் ஒரு தடவ வெட்டுனா வெட்டுனதுதான், மாத்தணும்னா புது பேரல், திரும்பவும் மாசக்கணக்குல வெயிட்டிங். அதனால அவசரப்படாம நீ சுடப்போறதுலயே நீளமான செம்பு புல்லட் ஒரு பெட்டி வாங்கு, காலிப்பர்ல வச்சு நீளத்த அளந்து வாட்சப்ல அனுப்பு, நான் கணக்குப் பண்ணி சொன்னப்புறம் ஃபார்ம நெரப்பு.

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சதா? போன தடவ பேசுனப்ப தேதி சொன்ன, மறந்துட்டேன். டேக் கெடச்சா உடனே சொல்லு, லீவு போடணும், கறி சுமக்கிறது இந்த வருஷம் நீதான், என் முட்டி தாங்காது.